முதல் ஆள்

ஆவணத்தின் முதல் வாக்கியத்தை எழுத எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று.

‘பச்சை என்றால் அந்த வரி ஓடியது.’

ஐந்து சொற்கள். மேலாளர் மருதாசலம் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

“இத எழுதவா தம்பி பதினோரு நாளு?”

“ஆமாங்க சார்.”

“மொட்டையா நிக்குதுங்க. ‘சரியாக ஓடியது’ன்னு போட்டுருங்க. ஒரு வார்த்தைதானே.”

பார்க்கிறேன் என்றேன். அவர் சற்று நின்றுவிட்டு, “சாப்ட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். எல்லோரும் என்னிடம் கடைசியாக அதைத்தான் கேட்கிறார்கள்.

காப்பு என்பது சுண்டுவிரல் நகம் அளவுள்ள கருவி. கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்குள் வைப்பார்கள். இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்கும். துடிப்பு தடுமாறினால் முதலில் அதிரும். ஒன்றுமில்லை என்று தோன்றினால் அணிந்தவர் இருபது நொடிக்குள் அந்த இடத்தை இரண்டு முறை தட்டலாம். அது ரத்து. தட்டாவிட்டால் காப்பு ஒருவரைப் போனில் அழைக்கும். அவர் முதல் ஆள். அவர் நாற்பது நொடிக்குள் எடுக்காவிட்டால் ஆம்புலன்ஸை அழைக்கும். எடுத்துவிட்டால் அழைக்காது. மனிதர் வந்துவிட்டார், இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடும்.

பன்னிரண்டு வருடமாக இது இருக்கிறது. ‘காப்பு கட்டியாச்சா?’ என்று கேட்டால் கோயமுத்தூரில் இப்போது யாருக்கும் மாரியம்மன் நோன்பிக்கு மணிக்கட்டில் கட்டும் மஞ்சள் கயிறு நினைவுக்கு வருவதில்லை. கல்யாணமான வாரமே முதல் ஆளை மாற்றும் படிவம் வந்துவிடும். மகன் அதில் மனைவி பெயரைப் போட்டதற்காக ஆறு மாதம் பேசாமலிருந்த அம்மாக்கள் உண்டு. விவாகரத்து வழக்குகளில் முதல் ஆளை எந்தத் தேதியில் மாற்றினீர்கள் என்று கேட்கிறார்கள். தெருச்சண்டையில் காதில் விழும் மோசமான வசையும் இதுதான்: ‘நீயெல்லாம் ஒரு முதல் ஆளா?’

அணிந்தவர் இறந்தால் காப்பை எடுத்துக் கம்பெனிக்கு அனுப்புவார்கள். குடும்பத்துக்கு ஒரு படம் வரும். காப்புக்குள் இருக்கும் புரோகிராமின் முக்கியமான வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, புரியும்படி தமிழில் பெயரிட்டு. ஓடிய வரி பச்சை. ஓடாத வரி சிவப்பு. அந்தப் படத்தை வரையும் கருவிக்குக் கவரேஜ் டூல் என்று பெயர். உண்மையில் அது புரோகிராம் எழுதுபவர்களின் கருவி. எழுதிய வரிகளில் எவை சோதனையில் ஓடின, எவை ஓடவேயில்லை என்று பார்த்துக்கொள்ள வைத்திருந்தது. குடும்பங்கள் ஏதாவது தாருங்கள் என்று கேட்கத் தொடங்கியபோது கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டார்கள்.

லோசனியின் படம் என்னிடம் இருந்தது. லோசனி என் மனைவி. முப்பது வயது. ஏழு மாதத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணி வாக்கில், மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது இறந்தாள். கீழ்வீட்டுக்காரர் பார்த்தபோது மணி இரண்டு.

படத்தில் முதல் மூன்று வரிகள் இப்படி இருந்தன. ‘முதல் ஆளை அழை’ பச்சை. ‘பதில் வந்தது’ பச்சை. ‘ஆம்புலன்ஸை அழை’ சிவப்பு.

படம் வந்த அன்று லோசனியின் அண்ணன் செந்தூரன் வீட்டில் இருந்தார். மூன்று வரிகளையும் விரலால் தொட்டுப் படித்தார்.

“எடுத்திருக்கீங்க மாப்ளே.”

“இல்லீங்க மச்சான்.”

“பச்சைல இருக்குது.”

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு பேசவில்லை.

நான் எடுக்கவில்லை. அப்படித்தான் நினைக்கிறேன். அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் போனை அணைத்து வாசலில் ஒரு பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அன்று பன்னிரண்டு மணிக்கு டீ குடிக்க வெளியே வந்தேன். பெட்டியிலிருந்து போனை எடுத்து ஆன் செய்தேன். யாரோ கூப்பிட்டார்கள். ‘அப்புறம் பேசறேன்’ என்று வைத்துவிட்டேன். யார் என்று திரையைப் பார்க்கவில்லை. கூரியராக இருக்கலாம். அந்தப் போன் அன்று மாலை ஆஸ்பத்திரியில் தொலைந்தது. காப்பின் அழைப்புகள் கம்பெனி வழியாகத்தான் போகும். கம்பெனி அந்தப் பதிவை முப்பது நாளில் அழித்துவிடும், சட்டம் அப்படி. படம் எனக்கு முப்பத்தெட்டாம் நாள் வந்தது.

கவரேஜ் டூலுக்கு ஆவணம் எழுத ஆள் தேவை என்று விளம்பரம் பார்த்தேன். விண்ணப்பித்தேன். மனைவி இறந்துவிட்டாள் என்று சொன்னேன். காப்பு அணிந்திருந்தாள் என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

*

டூலைக் கவனித்துக்கொள்பவள் சௌடேஸ்வரி. ஆஃபீஸில் எல்லோருக்கும் சௌடி. இருபத்தாறு வயது. தேவாங்கப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவாள். முதல் வாரமே அவளுக்குத் தயிர் கொண்டுபோகத் தொடங்கிவிட்டேன்.

“இன்னைக்கும் தயிருங்களாண்ணா?”

“ஆமா.”

“பாலை நிறுத்தத் தெரியாத ஆளுகிட்ட எங்க டூலை எழுதக் குடுத்திருக்காங்க பாருங்க.”

தெரியாமல் இல்லை. பால் ஆர்டர் லோசனியின் எண்ணில் இருக்கிறது. ரத்து செய்தால் அந்த எண்ணுக்கு ஓடிபி வரும். அந்த எண் இப்போது இல்லை. தினமும் காலையில் ஒரு லிட்டர் கதவில் தொங்கும் பையில் வந்து விழுகிறது. நான் உறை ஊற்றுகிறேன். இதை அவளிடம் சொல்லவில்லை.

“கவரேஜ்னா என்னன்னு உங்கம்மாவுக்குச் சொல்ற மாதிரி சொல்லு,” என்றேன்.

“எங்கம்மா அதெல்லாம் கேக்க மாட்டாங்க. கல்யாணம் எப்பன்னுதான் கேப்பாங்க.” பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டாள். “ஒரு வீடு இருக்குதுங்ணா. எல்லா ரூம் வாசப்படிலயும் கோலமாவு தூவி வெச்சிட்டு ஆளுகள உள்ள விடறோம். அவங்க போனப்புறம் போய்ப் பாக்கறோம். மாவு கலைஞ்சிருந்தா அந்த ரூமுக்குப் போயிருக்காங்க. கலையலைன்னா போகலை. அவ்ளோதான்.”

“உள்ள போய் என்ன பண்ணினாங்கன்னு?”

“மாவுக்கு எப்படிங்ணா தெரியும்?”

அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

“எத்தன பேர் போனாங்கன்னு தெரியுமா?”

“அது உள்ள இருக்குமுங்க. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் ஒரு கவுண்டர் நட்டு வெச்சிருக்கோம். வரி ஓடும்போதெல்லாம் ஒண்ணு கூடும். படத்துல நம்பர் போட்டா வீட்ல இருக்கறவங்க குழம்பிருவாங்கன்னு கலர் மட்டும் காட்டறோம். சைபர்னா சிவப்பு. ஒண்ணுன்னாலும் ஆயிரம்னாலும் பச்சை.”

அப்படி வந்ததுதான் அந்த ஐந்து சொல் வாக்கியம்.

மருதாசலத்துக்கு அந்த ஆறாவது சொல் எதற்குத் தேவைப்பட்டது என்பது இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. பதினெட்டாம் தேதி அரசு விசாரணைக் குழு முன் இந்த ஆவணத்தைக் கொடுக்க வேண்டும். முப்பத்தொரு குடும்பங்கள் புகார் செய்திருந்தன. முப்பத்தொரு குடும்பத்திலும் முதல் ஆள், ‘எனக்குப் போனே வரவில்லை, காப்பு வேலை செய்யவில்லை’ என்கிறார். முப்பத்தொரு படத்திலும் ‘பதில் வந்தது’ பச்சை.

“அத்தன பேரும் பொய் சொல்றாங்களா சார்?”

“பொய்யின்னு நான் சொல்லலீங்க தம்பி. எடுத்திருப்பாங்க, என்னமோ அவசரத்துல வெச்சிருப்பாங்க. அப்புறம் அந்த மனசு அதை வெச்சுக்குமா? மறந்துரும். மனுசன் அப்படித்தானுங்க.”

நான் டீக்கடை வாசலில் நின்ற அந்த ஐந்து நிமிடத்தை மறுபடி நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கண்ணாடி டம்ளர் சூடாக இருந்தது. அது மட்டும்தான்.

முப்பத்தொரு பேரில் ஒருவர் போன் செய்தார். வரவேற்பில் இருந்தவர்கள் ஆவணம் எழுதும் ஆள் என்று என்னிடம் மாற்றிவிட்டார்கள். பெயர் மைதிலி. நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை. பேசும்போது பின்னால் ஆயிரக்கணக்கில் கோழிகள்.

“எங்கம்மா கூப்பிட்டு, நானு எடுத்துட்டு வெச்சுட்டேன்னு என்ற தம்பி ஊரெல்லாஞ் சொல்றானுங்க. அம்மாவோட பெரியகாரியத்துல எனக்கு யாரும் சோறு போடலீங்க. நான் எடுக்கலை. படத்துல எடுத்தேன்னு இருக்குது. ராத்திரி படுத்தா நான் எடுத்தனோன்னு எனக்கே வருதுங்க. எடுத்தனா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க.”

“ஆவணம் இன்னும் முடியலீங்க.”

“முடிஞ்சதும் அனுப்புங்க. நானே படிச்சுக்கறேன். பி.எஸ்ஸி. விலங்கியலுங்க.”

எண்ணை எழுதிக்கொண்டேன்.

*

‘சரியாக’ என்று எழுத வேண்டுமானால் எப்போது ஓடியது என்று தெரிய வேண்டும். மறுநாள் மதியம் சௌடியிடம் கேட்டேன். அவள் தயிர்ச்சாதம் பிசைந்துகொண்டிருந்தாள்.

“அந்தக் கவுண்டர் எப்ப சைபராகும்?”

“புரோகிராம் ஏத்தும்போது. ஃபேக்டரில.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் ஆகாதுங்ணா. கூடிட்டேதான் போகும்.”

“அப்ப ஆஸ்பத்திரில வெச்சதும் பண்ற டெஸ்ட்?”

அவள் கை நின்றது.

காப்பு வைத்த அன்றே ஒரு சோதனை உண்டு. டெக்னீஷியன் பொய்யாக ஒரு தடுமாற்றத்தை அனுப்புவார். காப்பு அதிரும். அணிந்தவர் தட்டிப் பழக வேண்டும். மறுபடி அனுப்புவார். இந்த முறை தட்டக் கூடாது. முதல் ஆளின் போன் அடிக்கும். அவர் எடுத்து ஏதாவது பேச வேண்டும். அத்துடன் முடிந்தது. ஆம்புலன்ஸ் வரை போக மாட்டார்கள். பொய் அழைப்பு வேண்டாம் என்று ஆம்புலன்ஸ்காரர்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

லோசனியின் கட்டிலுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. எடுத்து, “சொல்லு,” என்றேன்.

“ஒண்ணுமில்ல, சும்மாதான்,” என்றாள், மூன்றடி தூரத்தில் இருந்து.

டெக்னீஷியன் சிரித்தார். “சும்மா சும்மா கூப்பிட்றாத,” என்றேன். “வேலை நேரத்துல பெட்டியிலிருந்து போனை எடுக்கணும்னா மூணு பேர்கிட்ட கையெழுத்து வாங்கணும்.” அவளும் சிரித்தாள்.

சௌடி தட்டைத் தள்ளி வைத்தாள். “அண்ணா. அப்ப காப்பு வெச்ச எல்லார் படத்துலயும் ‘அழை’ பச்சைதான். ‘பதில் வந்தது’ பச்சைதான். ஆம்புலன்ஸ் சிவப்பு.”

“வெச்ச அன்னைக்கே.”

“வெச்ச அன்னைக்கே.” கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். “ரெண்டு வருசமா நான்தான் இதப் பாத்துட்டிருக்கேன். வீடு கட்டும்போது கொத்தனாரு நடந்த காலடிய, குடி வந்தவங்க காலடின்னு சொல்லிட்டிருந்திருக்கோம்.”

“யாரும் கேக்கலையா?”

“யாரும் கேக்கலீங்ணா. நானும் கேக்கலை.”

“கடைசி நாள் ஓடினதாவது அதுல இருக்குமா?”

அவள் யோசித்தாள். யோசிக்கும்போதே பதில் முகத்தில் தெரிந்தது. கவுண்டர்கள் ஓடிக்கொண்டிருக்கும் நினைவகத்தில்தான் கூடும். நாளுக்கு ஒருமுறை, இரவு பன்னிரண்டு மணிக்கு, காப்பு ஒரு நொடி ஓய்ந்து அவற்றை நிலையான பதிவில் எழுதிக்கொள்ளும். உடம்பின் சூட்டில்தான் அதற்கு மின்சாரம். உடம்பு குளிர்ந்தால் நின்றுவிடும். அன்று ஓடியது எழுதப்படாமலே போகும்.

“அப்ப எல்லா நாளும் இருக்குது,” என்றேன். “அந்த ஒரு நாளைத் தவிர.”

“ஆமாங்ணா.”

அந்தப் படம் என்னைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. எடுத்தேன் என்றும் சொல்லவில்லை, எடுக்கவில்லை என்றும் சொல்லவில்லை. நிம்மதி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பசித்தது. அவள் தள்ளி வைத்த சாதத்தைப் பார்த்தேன்.

*

ஆவணத்தில் ஓர் உதாரணம் வேண்டும். வெள்ளிக்கிழமை ஒரு தாளில் காப்பு எண்ணை எழுதி சௌடியிடம் கொடுத்தேன்.

“இதை நம்பரோட எடுத்துக் குடு.”

“கலர் இல்லாமலா?”

“நம்பரோட.”

தட்டச்சு செய்தாள். திரை வந்தது. மேலே அணிந்தவர் பெயர் இருக்காது. முதல் ஆள் பெயர் இருக்கும். தயாளன். என் பெயர். அவள் அதைப் படித்தாள். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. அதற்கு நன்றி.

முதல் ஆளை அழை: 1.

பதில் வந்தது: 1.

ஆம்புலன்ஸை அழை: 0.

ரத்து: 37.

ரத்து என்ற வரியை நான் அதுவரை யோசித்ததே இல்லை. குடும்பத்துக்குப் போகும் படத்தில் அது கடைசியில் இருக்கும். எல்லாருக்கும் பச்சை. காப்பு அவளிடம் பதினான்கு மாதம் இருந்தது. முப்பத்தேழு முறை அதிர்ந்திருக்கிறது. முப்பத்தேழு முறை இரண்டு தட்டு. சாப்பிடும்போது இருக்கலாம். நான் பக்கத்தில் தூங்கும்போது இருக்கலாம். கழுத்தெலும்பில் கை வைப்பது அவள் பழக்கம் என்று நினைத்திருந்தேன். தாலிச்சரடைத் தொடுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

“அண்ணா,” என்றாள் சௌடி. குரல் தாழ்ந்திருந்தது. “டெஸ்ட்ல ஒரு ரத்து ஓடுமுங்ணா. அதைக் கழிக்கணும். முப்பத்தாறுதான்.”

“சரி.”

“அதுவும் நெஞ்சு வலியின்னு அர்த்தமில்லீங்ணா. வேகமா மாடி ஏறினா அதிரும். திடுக்குனு பயந்தா அதிரும். ஓடுச்சுன்னு மட்டுந்தான் அது சொல்லும். ஏன்னு சொல்லாது.”

எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் உண்டு. அதைச் சொல்லவில்லை.

“பிரிண்ட் எடுத்துக் குடு,” என்றேன்.

அவள் எடுத்துக் கொடுத்தாள். திரையை மூடினாள். “பால நிறுத்தறதுக்கு நான் பண்ணித் தரட்டுங்களா?” என்று கேட்டாள். எப்படிப் புரிந்துகொண்டாள் என்று தெரியவில்லை. வேண்டாம் என்றேன்.

*

மருதாசலம் ஒத்துக்கொள்ளவில்லை.

“நீங்க சொல்றது புரியுது தம்பி. ஆனா அது டூலோட உள் விவகாரம். ஆவணத்துல எதுக்குங்க? பொதுவா பாத்தா பச்சைன்னா வேலை செஞ்சதுதானே?”

எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. ஆவணத்தில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும், கையெழுத்துப் போடுபவர் முன்னால் செய்து காட்ட வேண்டும். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும் என்று எழுதினால் அழுத்திக் காட்ட வேண்டும். புதன்கிழமை சௌடி ஒரு ரப்பர் மார்பைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்கு வந்தாள். ஆஸ்பத்திரி ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க வைத்திருப்பது. தலை கிடையாது.

“இவர் பேரு குப்புசாமிங்க சார். காப்பு கட்டியிருக்குது.”

“வெளையாடாதீங்க சௌடி.”

“வெளையாடலீங்க சார். திங்கக்கிழமை மத்தியானம் கேன்டீன்ல இருக்கும்போது உங்களுக்கு ஒரு கால் வந்துச்சுங்களா?”

அவர் யோசித்தார். “வந்துச்சு. ஒண்ணுங் கேக்கலை. வெச்சுட்டேன்.”

“அது டெஸ்ட். குப்புசாமிக்கு முதல் ஆள் நீங்க. எடுத்துட்டீங்க, பாஸ். நேத்து காலைல இவரோட காப்ப எடுத்து பிஸ்கட் டின்ல போட்டு இறுக்கி மூடிட்டேன். உள்ள சிக்னல் போகாது. அப்புறம் பெருசா ஒரு தடுமாற்றம் குடுத்தேன். உங்களுக்குப் போன் வந்துச்சுங்களா?”

“இல்ல.”

“வராது. அப்புறம் கரண்ட்ட நிறுத்திட்டேன். குப்புசாமி போய்ச் சேந்துட்டாரு.” ஒரு தாளை மேசையில் வைத்தாள். “இதுதானுங்க சார் குடும்பத்துக்குப் போற படம்.”

அவர் படித்தார். ‘முதல் ஆளை அழை’ பச்சை. ‘பதில் வந்தது’ பச்சை. ‘ஆம்புலன்ஸை அழை’ சிவப்பு.

“குப்புசாமி செத்த அன்னைக்குக் கூப்பிட்டாரு, நீங்க எடுத்துட்டு வெச்சுட்டீங்க,” என்றாள் சௌடி. “இது சரியா ஓடிச்சுன்னு கையெழுத்துப் போடறீங்களா சார்?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

“எங்கப்பாவுக்கு நான்தான் முதல் ஆள்,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “அந்த வார்த்தைய எடுத்துருங்க தம்பி.”

“நான் போடவே இல்லீங்க சார்.”

வரைவை எடுத்து எல்லாவற்றையும் படித்தார். சோதனை நாளில் ஓடியதும் எண்ணிக்கையில் சேரும். இறந்த நாளில் ஓடியது சேராது. நான்காம் பக்கம் வந்ததும் நின்றார். உதாரணம் அங்கே இருந்தது. பெயரில்லாமல், நான்கு வரி, நான்கு எண்.

“இந்த நம்பர் வேண்டாமுங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க. இத்தன தடவ வந்துச்சு, சொல்லாம தட்டி விட்டாங்கன்னு தெரிஞ்சா, வீட்ல இருக்கறவங்க என்ன ஆவாங்க? எடுத்தியா எடுக்கலையான்னு அடிச்சுக்கறதே பரவால்லைன்னு ஆயிரும்.”

அவர் சொன்னது தப்பில்லை. அறையில் இருந்தவர்களில் எனக்குத்தான் அது நன்றாகத் தெரியும். சௌடி ரப்பர் மார்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாருக்கும் அனுப்ப வேண்டாம் சார். கேட்டா மட்டும் காட்டுவோம். கேக்கலாம்னு மட்டும் எழுதறேன்.”

“கேக்கலைன்னா?”

“காட்டாது.”

நான்காம் பக்கத்தின் கடைசி வாக்கியம் அது. ‘எண்ணிக்கையைக் கேட்டால் காட்டும், கேட்காவிட்டால் காட்டாது.’ அவர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை.

*

பதினெட்டாம் தேதி ஆவணம் வெளியானது. செந்தூரனுக்கு அனுப்பினேன். படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. மைதிலிக்கு அனுப்பினேன். மறுநாள் காலை பதினோரு மணிக்கு அவர் கூப்பிட்டார்.

“படிச்சுட்டேனுங்க. ரெண்டு தடவ. அப்ப அந்தப் பச்சை, காப்பு வெச்ச அன்னைக்கு ஆஸ்பத்திரில நான் எடுத்தது.”

“ஆமாங்க.”

“அன்னைக்கு எடுத்தேனுங்க. அம்மா ‘கேக்குதா சாமி’ன்னாங்க. ‘பக்கத்துலதான நிக்கறேன்’னேன்.” சற்று நின்றார். “அவங்க போன அன்னைக்கு?”

“அது அதுல இல்லீங்க. யாரோடதுலயும் இல்ல.”

“நான் எடுக்கலைன்னும் அதுல இல்லை.”

“இல்லீங்க.”

“பரவால்லீங்க. எடுத்தேன்னு இல்லைல்ல. தம்பிக்கு அனுப்பறேன். படிக்கறானோ இல்லையோ.” கோழிகள் கத்தின. யாரையோ தீவனத்தை மூடி வைக்கச் சொன்னார். “நாலாம் பக்கத்துல கேட்டாக் காட்டும்னு போட்டிருக்கீங்க.”

“ஆமாங்க.”

“நான் கேக்கலீங்க. இப்பத்திக்கு.”

“சரிங்க.”

அவர் வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

“அந்த உதாரணத்துல ரத்து முப்பத்தேழுன்னு இருக்குது. அது சும்மா போட்டதுங்களா?”

“உதாரணம்தானுங்க.”

“இல்ல, கேக்கறேன். பண்ணைல ஆளுங்க முட்டை எண்ணாமயே நோட்டுல எழுதுவாங்க. நாப்பதும்பாங்க, முன்னூறும்பாங்க. எண்ணுனா முப்பத்தேழு, இருநூத்துத் தொண்ணூத்தொண்ணுன்னு வரும். நெனச்சு எழுதுன நம்பரையும் எண்ணி எழுதுன நம்பரையும் பாத்தாலே எனக்குத் தெரியுமுங்க.”

மேசையில் தயிர்ப் பாத்திரம் இருந்தது. சௌடி இன்னும் வரவில்லை.

“உங்க வீட்டுதுங்களா?” என்றார்.

ஏழு மாதத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை.

“முப்பத்தாறுங்க,” என்றேன். “ஒண்ணு டெஸ்ட்.”

கோழிகளின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.